கப்பலேறும் முன் ஒரு நாள்

நாகபட்டினத்துக்குக் கப்பல் மறுநாட் காலையில்தான். கண்டி வீதி வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த நமக்கு ஒரு பகல் முழுதும் எஞ்சியிருந்தது. ஊர் பார்க்க வருவோர் அனைவரையும் போல நாமும் கோட்டையிலிருந்தே தொடங்கினோம்.

1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை அது. 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆண்டவர்களின் பெயர்களையெல்லாம் சரித்திரம் தவறாமற் குறித்து வைத்திருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர்களை அது கேட்டதே இல்லை.

கோட்டைக்கு அண்மையில் பொது நூலகம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு மூண்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. மீண்டும் எழுந்து நிற்கும் அந்த வெண்ணிறக் கட்டடத்தின் முன் நின்றபோது நெஞ்சு கனத்தது. பிறர் நமக்கிழைத்த அநீதியை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் நாமே நம்மவருக்கு இழைத்த அநீதி?

இவ்வினாவோடுதான் பிற்பகலில் காங்கேசன்துறை வீதியில் வடக்கே சென்றோம். வழியில் சுன்னாகம். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாண நகரை நோக்கி மக்கள் ஊர்வலமாகப் புறப்பட்டதும், பொலிசாரின் தடியடிக்கு ஆளானதும் இங்கேதான். தேநீர்க் கடையில் சமமாக அமர்ந்து ஒரு குவளை தேநீர் அருந்துவதற்கும் இம்மண்ணில் போராட வேண்டியிருந்தது.

அப்பால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட முயன்றபோது வாயில் மறிக்கப்பட்டது. மறித்தோருக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. சட்டமும் இருந்தது, கல்வியும் இருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. ஆசிரியத் தொழில் புரியும் நம்மை அந்த வாயில் வெகுநேரம் நிறுத்தி வைத்தது. நாம் கற்பிக்கும் கல்வி மனிதனை மனிதனாகக் காணக் கற்பிக்கவில்லையாயின் அதனால் யாது பயன்?

அந்தி மயங்கும் வேளையில் துறைமுகத்தை அடைந்தோம். 1950இல் நிறுவப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் மூடுண்டது. அதே ஆண்டில் இக்கரையோர மக்களும் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். மேற்சாதியார், கீழ்ச்சாதியார் என்ற பேதமின்றி எல்லோரையும் அகதிகளாக்கியது போர். ஆயினும் முகாமுக்குள்ளும் சாதி கூடவே வந்தது என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் இத்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களில் நின்ற அச்சேவை 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. நெடுங்காலம் அடைபட்டிருந்த கடல்வழி திறந்தது கண்டு மகிழ்ந்தோம். அக்கரையிலும் இதே நோய் உண்டு. இதனை எதிர்த்த மக்களும் உண்டு. கரைக்குக் கரை கப்பல் விடுவது அரசுகளின் வேலை. வீட்டுக்கு வீடு வாயில் திறப்பது நம்முடைய வேலை.