ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப்

லண்டனின் வடமேற்கே, ஹென்ரியெட்டா பார்னெட்டின் முயற்சியால் 1907இல் எழத் தொடங்கிய குடியிருப்புப் புறநகர். இதன் அமைதி ஊருக்கு ஒதுங்கிக் கிடப்பதால் வந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது சட்டத்தால் உண்டாக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஏக்கருக்குச் சராசரியாக 8 வீடுகளுக்கு மேல் அனுமதிக்கவில்லை. எதிரெதிர் வீடுகளுக்கிடையே 50 அடி இடைவெளி கேட்டது. ஆனால் அன்றைய விதிகள் கோரிய அகலச் சாலைகளிலிருந்து விலக்களித்தது. மிஞ்சிய நிலம் தோட்டங்களுக்கும் மரங்களுக்கும் போயிற்று. திட்டம் வகுத்த ரேமண்ட் அன்வின் முட்டுச்சந்துகளைத் தாராளமாக வைத்தார். குறுக்கே கடந்துபோகும் வண்டிகளுக்கு அங்கே வழியில்லை. மதிலுக்குப் பதில் வேலிச்செடி. மதுக்கூடம் கிடையாது, கடைகளும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. ரொட்டி வாங்கவும் நடக்கத்தான் வேண்டும்.

இந்த அமைதி, அருகிலுள்ள இரைச்சலை நம்பியே நிற்கிறது: அதே 1907இல் கோல்டர்ஸ் கிரீன் சுரங்க ரயில் நிலையம் திறந்திராவிட்டால், நகரில் வேலை பார்ப்போர் இங்கே குடியேறியிருப்பது கடினம். இது செல்வர்களின் சோலை என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. தொழிலாளரும் வசதியுள்ளோரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று பார்னெட் விரும்பினார். தொழிலாளருக்குச் சிறு வீடுகளும் கட்டப்பட்டன. இன்று அவையும் எட்டாத விலையில். ஆயினும் பழி மரங்களின் மேல் விழக்கூடாது. வீடுகளின் தோற்றத்தைக் காக்க 1974இல் ஒரு மேலாண்மைத் திட்டம் வந்தது. வாடகை ஏறாமல் காக்க அத்தகைய நிலையான ஏற்பாடு எதுவும் வரவில்லை.