நூலும் மூலக்கூறும்

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம் என்னும் ஊர் உள்ளது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், தெற்கேயுள்ள தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. அரசர் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. பாவையும் ஊடையையும் இணைக்கும் முறையிலேயே துணியின் தரம் அடங்கியுள்ளது என்பது இவ்வூர் நெசவாளர் வழிவழியாக அறிந்த உண்மை. இதே உண்மையை மூலக்கூறுகளின் உலகில் மெய்ப்பித்த விஞ்ஞானி ஒருவர், இதே சாலையிலுள்ள பாப்பனங்கோட்டில் ஆராய்ச்சி நடத்தினார். அவர் பெயர் அய்யப்பன்பிள்ளை அஜயகோஷ்.

அவர் பணியின் அருமையை அறியச் சிறிது முன்வரலாறு வேண்டும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் சூரிய மின்கலத்தை வெளியிட்டனர். சிலிக்கனை உருக்க 1,400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். கரிமச் சேர்மங்களோ கரைசலில் கரைந்து, மையைப் போலப் பூசத்தக்கவை. ஆயினும் அவை மின்சாரத்தைக் கடத்தா என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். 1977இல் ஷிராகாவா, மக்டயார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் பாலிஅசெட்டிலீன் என்னும் பிளாஸ்டிக்கை மின்கடத்தியாக்கிக் காட்டினர். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்கே கிடைத்தது. 1986இல் சிங் டாங் என்பவர், சூரிய ஒளியில் சுமார் ஒரு சதவீதத்தை மின்சாரமாக்கும் கரிம மின்கலத்தை அமைத்தார். 1990இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், பினைலீன்வினைலீன் தொடர்களாலான பிளாஸ்டிக் மின்சாரத்தால் ஒளிர்வதைக் கண்டனர்.

பாப்பனங்கோட்டு ஆய்வுக்கூடம் 1975இல் தோன்றியது. 1978 முதல் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் என வழங்கி, 2007இல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆயிற்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியர் எம். வி. ஜார்ஜ் இங்கு வந்து ஒளிரசாயன ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டார். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அஜயகோஷ், 1988இல் இங்கே பணியேற்றார்.

கேம்பிரிட்ஜார் நீண்ட தொடராகக் கையாண்ட பினைலீன்வினைலீனை, அஜயகோஷும் அவர் மாணவர்களும் சிறு துண்டுகளாக அமைத்தனர். கரைசலைச் சூடாக்கி ஆறவிட்டபோது, அத்துண்டுகள் ஹைட்ரஜன் பிணைப்பாலும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும் இயல்பாலும் தாமே சேர்ந்து நுண்ணிய இழைகளாயின. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கரைப்பானைச் சிறைப்படுத்தவே, கரைசல் கூழாக உறைந்தது. இதனை 2001இல் வெளியிட்டனர். 2003இல், அவ்விழைகள் ஏற்ற ஒளியாற்றலை அவற்றிடையே சேர்த்த சாயமூலக்கூறுகளுக்கு மாற்றித் தருவதையும் காட்டினர். தனித்தனியே மிதந்தபோது திறம்படச் செய்ய இயலாததை, அணிவகுத்து நின்றபோது அவை செய்தன.

நேயர்களே, இக்கூழே சூரிய மின்கலம் என்று கருதிவிடலாகாது. ஆனால் மின்கலம் செய்வோரின் தலையாய இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. கரிமப் பொருளில் ஒளி தோற்றுவிக்கும் ஆற்றல், சுமார் 10 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு தூரம் செல்வதற்குள் அழிந்துபோகும். அதற்குள் அது இருபொருள்கள் கூடும் எல்லையை அடைந்து மின்னேற்றங்களாகப் பிரிய வேண்டும். ஆகவே மூலக்கூறு எது என்பதைப் போலவே, அது எவ்வாறு அடுக்கப்பட்டது என்பதும் மின்கலத்தின் பயனை நிர்ணயிக்கிறது. டாங் காலத்து ஒரு சதவீதம் இன்று ஆய்வுக்கூடங்களில் 19 சதவீதத்தைக் கடந்ததற்கு, புதிய மூலக்கூறுகளோடு இவ்வடுக்கு முறையில் செலுத்திய கவனமும் காரணமாகும்.

அஜயகோஷுக்கு 2007இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும், 2012இல் இன்போசிஸ் பரிசும் கிடைத்தன. 2015இல் அந்நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். வீட்டு விளக்கொளியிலும் மின்சாரம் தரும் சாய மின்கலங்களை அமைக்கும் முயற்சியும் அந்நிறுவனத்தில் நடைபெறுகிறது.

எனினும் வெயிலையும் ஈரத்தையும் சிலிக்கனைப் போல இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கும் கரிம மின்கலம் இன்னும் எளிதில் கைகூடவில்லை. பணியேற்ற பின் முதற்கூழை வெளியிட 13 ஆண்டுகள் ஆயின. உடனே விலைபோகும் பொருளையே கேட்டிருந்தால், அவ்வாராய்ச்சி பாதியில் நின்றிருக்கும். இத்தகைய காத்திருப்புக்கு இடமளிக்கும் நாடே, பிறர் கண்டதை வாங்கிப் பயன்படுத்துவதோடு நில்லாமல், புதியதைத் தானே காணும்.