‘கில்’ என்னும் கட்டளை: ஒரு சொல்லின் வரலாறு

மலாய்மொழிக்குக் கலைச்சொல் வகுக்கும் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா பிறந்த ஊர் ஜொகூர் பாரு. 1956 சூன் 22இல் பாலாய் புஸ்தாக்கா என்னும் பெயரில் அது இங்குத் தோன்றிற்று. மறு ஆண்டே கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. ‘சர்வர்’ என்பதற்கு மலாய்மொழியில் இன்று வழங்கும் சொல் ‘பெலாயான்’. பணியாள் என்பது அதன் பொருள். நாம் சேவையகம் என்கிறோம். கூலாய், செடெனாக் வட்டாரங்களில் எழுந்துள்ள தரவு மையங்களில் இத்தகைய பணியாளர் எண்ணிறந்தோர். அவர்களை மேற்பார்க்கும் நம் மாணவர் நாள்தோறும் தட்டச்சிடும் சொல் ஒன்று உண்டு. அது ‘கில்’, கொல் என்று பொருள்படுவது.

1973இல் வந்த யூனிக்ஸ் மூன்றாம் பதிப்பில் இரு கட்டளைகள் இடம்பெற்றன. ‘பி.எஸ்.’ என்பது இயங்கும் செயலாக்கங்களை அவற்றின் எண்களோடு பட்டியலிடும். ‘கில்’ என்பது அவ்வெண்ணுக்குரிய செயலாக்கத்தை முடிக்கும். பின்னர் அக்கட்டளையின் தொழில் விரிந்தது. எந்தக் குறிப்பையும் செயலாக்கத்துக்கு அனுப்பும் தூதாயிற்று. பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. குழப்பத்தின் வேர் இதுவே.

1999 திசம்பரில் ஜாவா நிறுவனப் பயன்பாடுகளுக்கான தரம் வெளியானபின், பயன்பாட்டுச் சேவையகங்கள் பெருகின. அத்தகைய சேவையகம் புறத்தே ஒரே செயலாக்கம். அகத்தேயோ நூற்றுக்கணக்கான இழைகள். செயலாக்கம் உயிரோடிருப்பதாகப் பட்டியல் காட்டும். உள்ளே இழைகள் தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்துச் சிக்கிக் கிடக்கும். வெப்லாஜிக் சேவையகம், ஒரே வேண்டுகோளில் 600 நொடிக்குமேல் தங்கிய இழையைச் சிக்கியதாகக் கருதுவது அதன் இயல்பமைப்பு.

இந்நிலையில் உதவுவது 3ஆம் குறிப்பு. ‘கில்’ வழியே அதனை அனுப்பினால் ஜாவாச் செயலாக்கம் மடிவதில்லை. ஒவ்வோர் இழையும் எங்கு நிற்கிறது என்பதை எழுதிவிட்டுத் தொடர்ந்து இயங்கும். சில நொடி இடைவெளியில் மும்முறை அனுப்பி ஒப்பிட்டால், அசையாத இழை தெரிந்துவிடும். நம் பழைய மாணவர் ஒருவர், கொல் என்னும் சொல்லுக்கு அஞ்சி இதனைத் தொடாமலே இருந்து, நெருக்கடியில் 9ஆம் குறிப்பை அனுப்பிவிட்டதாகக் கூறினார். சேவையகம் மீண்டது, சிக்கலின் தடயம் அழிந்தது.

தமிழிலக்கணம் இங்குத் துணைசெய்கிறது. இயங்கு, இயக்கு; நில், நிறுத்து எனத் தன்வினையும் பிறவினையும் நம்மிடம் ஓரெழுத்தில் பிரிகின்றன, அல்லது சற்றே மிகுதியில். எண் குறிக்காதபோது செல்வது 15ஆம் குறிப்பு. அது ‘நிற்க’ என்னும் வியங்கோள். நல்ல சேவையகம் அதனைக் கேட்டு, ஏற்ற பணியை முடித்து, தரவுத்தள இணைப்புகளைத் திருப்பியளித்து, தானே நிற்கும். 9ஆம் குறிப்போ செயலாக்கத்தின் செவிக்கே எட்டாது. இயங்குதளத்தின் கருவே அதனை நிறுத்திவிடும். ஆகவே 15ஐ ‘நிற்கச் சொல்’ என்றும், 9ஐ ‘நிறுத்து’ என்றும், 3ஐ ‘நிலை கூறச் சொல்’ என்றும் வகுப்பில் வழங்குதல் தகும். ‘கொல்’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் பெயர்த்தல் பிழை என்பது நம் துணிபு.

‘டீமன்’ என்பதும் இவ்வாறே. 1963இல் எம்.ஐ.டி.யின் மேக் திட்டத்தார், இயற்பியலறிஞர் மேக்சுவெல் கற்பித்த, ஓயாது மூலக்கூறுகளைப் பிரிக்கும் கண்காணா உருவை எண்ணி, பின்னணியில் உழைக்கும் நிரலுக்கு அப்பெயரிட்டனர். அதனைப் பேய் என்று எழுதிய மாணவரைப் பார்த்திருக்கிறோம். ஏவலர் என்றிருக்கலாம்.