பொற்கொம்பும் போலி வராகனும்

தீர்த்தமலையில் மூச்சு வாங்க ஏறி, ராம தீர்த்தத்தின் அடியில் போய் நின்ற பிறகுதான் செம்பு கொண்டுவரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இராமபிரான் சிவபூஜைக்காக அம்பெய்து வருவித்த தீர்த்தம் என்பது ஐதிகம். இரு கைகளையும் குவித்து ஏந்திக் குடித்தோம். உடன் வந்த நண்பர் தரங்கம்பாடிக்காரர். ஊர்ப் பெருமை பேசச் சமயம் பார்த்துக்கொண்டே இருப்பவர்.

"ஓய், எங்கள் ஊருக்கு வாய்த்த ராஜா வீட்டிலே பொற்கொம்பிலே குடித்தார்கள், தெரியுமா?" என்றார்.

டென்மார்க் அரசர் நாலாம் கிறிஸ்டியனைத்தான் சொன்னார். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனியர் தரங்கம்பாடிக்கு வந்தது அவருடைய ஆட்சியில்தான். 1639-இல் அவருடைய நாட்டில், காலேஹுஸ் என்ற சிற்றூரில், ஒரு குடியானவப் பெண் மண்ணில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பொருளைக் கண்டாள். முக்கால் மீட்டர் நீளத்தில் தங்கக் கொம்பு! அது இளவரசரிடம் போயிற்று. அவர் அதைப் பானம் அருந்த வசதியாகச் செப்பனிட்டுக்கொண்டார்.

வடபுலத்தாருக்குக் கொம்பு வெறும் பாத்திரமல்ல. இடிக் கடவுளான தோர் ஒரு கொம்பிலிருந்ததை மூன்று மூச்சில் குடித்துத் தீர்க்கப் பார்த்தான், தீரவில்லை. கொம்பின் மறுநுனி கடலுக்குள் இருந்தது! கடல் உள்வாங்குவது அன்று அவன் குடித்ததால்தான் என்பது அவர்கள் புராணம். காலேஹுஸ் கொம்பிலும் மூன்று தலை உருவம், கொம்பு முளைத்த மனிதர், பாம்பு, மீன் என்று சித்திரங்கள் நிறைந்திருந்தன. அவை எந்தத் தெய்வங்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

1734-இல் அதே ஊரில் இரண்டாவது கொம்பு கிடைத்தது. அதன் விளிம்பில் ரூனிக் எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம். ஹ்லேவகஸ்தி என்பவன், இந்தக் கொம்பைச் செய்தது தானே என்று பொறித்திருந்தான். ஐந்தாம் நூற்றாண்டு வேலை. இங்கே காஞ்சியில் பல்லவர் இருந்த காலம்.

1802 மே மாதம் நீல்ஸ் ஹைடன்ரைக் என்ற பொற்கொல்லன் கோபன்ஹேகனில் அரசரின் காட்சிசாலையில் புகுந்து இரண்டையும் திருடி உருக்கிவிட்டான். உருக்கி என்ன செய்தான் என்கிறீர்கள்? பித்தளை கலந்து, சிவன் உருவம் பதித்த நம் நாட்டு வராகன்களைப் போலியாக அடித்தான்! அந்த மட்டமான வராகனே அவனைக் காட்டிக்கொடுத்தது. 1803-இல் பிடிபட்டவன், 1840-இல்தான் வெளியே வந்தான்.

செய்தவனும் தங்க வேலைக்காரன். அழித்தவனும் தங்க வேலைக்காரன். பொன் போய்விட்டது. இன்று அருங்காட்சியகத்தில் இருப்பவை பழைய சித்திரங்களைப் பார்த்துச் செய்த நகல்களே. ஆனாலும் யாரோ ஒருவர் பொறுமையாக அந்த எழுத்துக்களைப் பார்த்து எழுதி வைத்தாரே, அதனால் ஹ்லேவகஸ்தியின் பெயர் பிழைத்தது.

கீழே இறங்கிக் கோயிலுக்கு வந்தோம். நம் கோயில் சுவர்களில் நிலம் கொடுத்தவர் பெயர் இருக்கும். விளக்கெரிக்க ஆடு விட்டவர் பெயரும் இருக்கும். உளி பிடித்தவன் பெயர் அபூர்வம். நண்பர் ஒரு தூணைத் தடவிப் பார்த்து, "இதை யார் ஐயா செய்திருப்பான்?" என்றார்.

பொற்கொம்புக்குப் பதில் சொல்ல ஒரு பெயர் இருந்தது. இந்தத் தூணுக்கு நான் என்ன சொல்வேன்? நானும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தேன்.