இரண்டரை லட்சம் மடங்கு: டெஸ்லாவின் காயிலும் அதன் பிற்கால வாசிப்பும்

எரிபொருளில்லாமல் மின்சாரம் தரும் காயில் ஒன்றை நிக்கோலா டெஸ்லா செய்து வைத்திருந்தார் என்ற நம்பிக்கைக்கு ஆய்வு வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் ஆலிவர் நிக்கல்சன். டெஸ்லாவின் பிற்கால மின்னாக்கக் கருவிகளைப் பற்றிய கட்டுரையில், எரிபொருளற்ற ஜெனரேட்டரை நோக்கிய வளர்ச்சியின் இரு கட்டங்களாக இரண்டு கருவிகளை அவர் காட்டுகிறார். ஒன்று, டெஸ்லா 1891-ல் எழுதிய ஒருமுனை டைனமோக் குறிப்பில் உள்ளது. மற்றது, 1894 ஜனவரி 9 அன்று வழங்கப்பட்ட 512340 எண் அமெரிக்கக் காப்புரிமையின் இரட்டைக் கம்பிச் சுற்று. ஆர்வலர்கள் வீட்டில் எனாமல் கம்பியைச் சுற்றி ஒத்ததிர்வைத் தேடும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் நம்புகிறார்கள். இக்கட்டுரையும் அதைப் பற்றியதே.

நிக்கல்சனின் வாதம் ஓர் எண்ணில் நிற்கிறது. அந்த எண் காப்புரிமையிலேயே இருக்கிறது. ஆயிரம் சுற்றுள்ள சாதாரணக் காயிலின் இரு முனைகளுக்கு இடையே 100 வோல்ட் இருந்தால், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.1 வோல்ட்தான் இருக்கும். இரு கம்பிகளைச் சேர்த்துச் சுற்றி, முதல் கம்பியின் கடைசியை இரண்டாம் கம்பியின் தொடக்கத்தோடு இணைத்தால், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 50 வோல்ட் நிற்கும். தேங்கும் ஆற்றல் அந்த வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 2,50,000 மடங்கு என்கிறார் டெஸ்லா. கணக்கில் பிழையில்லை.

ஆனால் எதைவிட இத்தனை மடங்கு? பக்கத்துச் சுற்றுகளின் மின்தேக்குத்திறன் 10 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காயிலின் ஆயிரம் சுற்றிடைகளிலும் சேர்த்துத் தேங்குவது ஒரு ஜூலின் இரண்டாயிரம் கோடியில் ஒரு பங்கு. இரண்டரை லட்சம் மடங்கு பெருகிய பிறகும் அது ஒரு ஜூலில் எண்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு கிராம் எடையை ஒன்றேகால் மில்லிமீட்டர் தூக்கவே போதும். அதுவும் மின்மூலம் கொடுத்தது. ஒவ்வொரு அலையிலும் வந்து, தேங்கி, திரும்பிப்போவது. தேக்கத்தின் பெருக்கத்தை ஆக்கத்தின் அறிகுறியாக நிக்கல்சன் எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

டெஸ்லாவின் நோக்கம் காப்புரிமையிலேயே தெளிவாக இருக்கிறது. தன்மின்தூண்டலை ஈடுகட்ட அன்று தனி மின்தேக்கிகள் வேண்டியிருந்தன. அவை விலை கூடியவை, இடத்தை அடைப்பவை. அந்த வேலையைக் காயிலின் சுற்றமைப்பே செய்ய வேண்டும் என்பதே அவர் கேட்டது. தகுந்த அதிர்வெண்ணில் மின்தடை ஒன்றே எஞ்சும் என்றும் அவர் எழுதுகிறார். ஆர்வலர்கள் விட்டுவிடும் சொல் அந்த மின்தடைதான். அது இருக்கும்வரை காயில் சூடாகும், ஆற்றல் கரையும்.

எட்டயபுரம், கோவில்பட்டி கரிசல் காட்டுக் கிணறுகளில், தன்மின்தூண்டலை மின்தேக்கியால் ஈடுகட்டும் தத்துவம் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டியோடு கெப்பாசிட்டர் பொருத்தினால் லைனில் ஆம்பியர் குறையும், வோல்டேஜ் ஓரளவு தாங்கும். காயில் கட்டும் கடைக்காரர் எவரும் அது தண்ணீரைச் சும்மா இறைத்துத் தரும் என்று சொல்வதில்லை. 512340-இன் உண்மையான வாரிசு அந்தக் கெப்பாசிட்டர்தான் என்பது என் முடிவு.

அப்படியானால் மேசைமேல் வைத்த காயிலில் மீட்டர் ஏன் கூடுதலாகக் காட்டுகிறது? 12 வோல்ட் மூலத்திலிருந்து 0.1 ஆம்பியர் எடுக்கும் ஒத்ததிர்வுச் சுற்றில், தரக்காரணி 50 என்றால், காயிலின் குறுக்கே 600 வோல்ட் தெரியும். அந்த 600-ஐயும் 0.1-ஐயும் பெருக்கினால் 60 வருகிறது. உள்ளே போவதோ 1.2 வாட். ஆனால் காயிலில் வோல்டேஜும் கரண்டும் ஏறத்தாழ கால் சுழற்சி விலகி நிற்பதால் அந்த 60-இன் சராசரி சுழியை ஒட்டியே இருக்கும். முத்துசுவாமி தீட்சிதர் கடைசியாக வாழ்ந்த எட்டயபுரத்தில் இதை வீணையைக் கொண்டே சொல்லலாம்: குடம் ஒலியை நிறைவாக்குகிறது, ஆனால் விரல் தந்தியில் வைத்ததற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

நிக்கல்சனுக்கு எதிரான என் வலுவான சான்று இன்னொரு காப்புரிமை. மின் ஜெனரேட்டர் என்ற பெயரிலேயே 511916-ஐ டெஸ்லா 1894 ஜனவரி 2 அன்று, ஒரு வாரம் முன்னதாகப் பெற்றார். அது நீராவி போன்ற அழுத்த வாயுவால் இயங்குவது. காயிலுக்கு விண்ணப்பித்தது 1893 ஜூலை 7. இந்த ஜெனரேட்டருக்கு விண்ணப்பித்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 19. எரிபொருளற்ற ஜெனரேட்டரின் ஒரு கட்டத்தை ஜூலையில் எட்டியவர், ஆறு வாரம் கழித்து அழுத்த வாயுவில் ஓடும் ஜெனரேட்டருக்கு ஏன் விண்ணப்பிக்க வேண்டும்? மௌனத்திலிருந்து எடுக்கும் வாதம் இது, முழுச் சான்று ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையிலிருந்ததை அவர் மறைத்தார் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் 1900 ஜூனில் செஞ்சுரி இதழில் சுற்றுப்புறத்திலிருந்து ஆற்றல் எடுப்பதைப் பற்றி விரிவாக எழுதியபோது, அவர் வெப்பத்தையும் திரவக் காற்றையும் பற்றியே பேசினார். இந்தக் காயிலை அந்தத் திட்டத்தின் கருவியாக வைக்கவில்லை.

காயிலின் எண்ணம் அவருக்கு எப்போது தோன்றியது என்பதற்கு ஆண்டு குறிப்பது கடினம். 1892 பிப்ரவரி லண்டன் உரையை ஒட்டி வைக்க எனக்கு விருப்பம். ஆனால் உறுதியான நாள் விண்ணப்ப நாள் ஒன்றே.

நிக்கல்சன் காட்டிய முதற் கட்டமான ஒருமுனை டைனமோவுக்கு நம் நாட்டில் ஒரு தனி வரலாறு உண்டு. கைகா அணுமின் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் பரமஹம்ச திவாரி, புரூஸ் டிபால்மாவின் ஒருமுனை டைனமோச் சோதனைகளை ஒட்டி, உள்ளீட்டை மிஞ்சும் ஜெனரேட்டரைச் செய்ததாகக் கூறினார். அதில் ஒத்ததிர்வுக் காயில் இல்லை. ஆகவே அதை இந்தக் காப்புரிமையின் வழித்தோன்றலாக எண்ணக் கூடாது. தனியே ஆராய வேண்டும். இரண்டுக்கும் பொதுவான சோதனை ஒன்றுதான்: வெளியீட்டை உள்ளீட்டோடு இணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓடவிடுவது.