நாடகத்துக்கு முன் ஒரு கட்லட்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. வடகல்கத்தாவின் மினர்வா அரங்கில் மாலை ஆறரை மணிக்கு ஒரு வங்க நாடகம். ஐந்து மணிக்கே வங்க நண்பர் ஒருவர் என்னைச் சோபாபஜாரில் உள்ள மித்ரா கஃபேக்கு அழைத்துச் சென்றுவிட்டார். 1920-இல் தொடங்கிய சிறிய கடை. மேசைகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. கோழி கொபிராஜி வந்தது. தட்டிய இறைச்சியின் மேல் முட்டைநுரை சல்லடைபோலப் பொரிந்து நிற்க, அருகே வெங்காயத் துருவலும் காசுந்தி என்னும் கடுகுச் சாந்தும் இருந்தன. 'இதை உண்ணாமல் நாடகம் பார்த்தால் பாதி நாடகம்தான்' என்றார் நண்பர். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பாதியின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. வங்க நாடக வரலாறுகள் பலவும் திரை விலகுவதிலிருந்து தொடங்குகின்றன. பார்வையாளர் அதற்கு முன் எங்கே இருந்தார் என்பதை அவை கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கல்கத்தாவில் வங்க நாடகம் செல்வர் மாளிகைகளில் நடந்தது. 1858-இல் பைக்பாடா அரச குடும்பத்தார் தங்கள் பெல்காச்சியா மாளிகையில் 'ரத்னாவளி'யை மேடையேற்றினார்கள். அழைப்பு இருந்தால்தான் உள்ளே செல்லலாம். வந்தவர் விருந்தினர், அவரை உபசரிப்பது வீட்டுக்காரரின் கடமை. 1872 டிசம்பர் 7-ஆம் நாள் இந்த ஏற்பாடு உடைந்தது. ஜொராசாங்கோவில் ஒரு வீட்டு முற்றத்தில் நேஷனல் தியேட்டர் என்ற குழுவினர் தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகத்தைச் சீட்டு விற்று நடத்தினார்கள். காசு உள்ளவர் யாரும் நாடகம் பார்க்கலாம் என்பது இந்நிகழ்வின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அது சரியே. ஆயினும் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சீட்டு வாங்கியவருக்கு உணவளிக்க இனி யாருக்கும் கடமை இல்லை. விருந்தினர் வாடிக்கையாளரானார்; தம் பசியைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவரானார். நாடகத்துக்கு முந்தைய உணவகச் சிற்றுண்டி என்னும் பழக்கத்தின் வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

அந்தச் சிற்றுண்டி ஏன் கட்லட்டாக இருக்கிறது? வங்காளியின் நாவில் சோறு இருந்தால்தான் அது சாப்பாடு. மற்றதெல்லாம் 'ஜொல்காபார்', அதாவது தண்ணீரோடு கொள்ளும் உணவு. நம் 'சிற்றுண்டி'யும் 'பலகார'மும் செய்யும் வேலை அதுவே. இந்தச் சொற்பிரிவினைக்குப் பின்னே சாதி நிற்கிறது. யார் கையால் சமைத்த சோற்றை உண்ணலாம் என்பதில் விதிகள் கடுமையானவை. பொரித்த பண்டங்களில் அவ்வளவு கடுமை இல்லை. எனவே வீட்டுக்கு வெளியே கால் வைத்த வாய்க்குப் பொரியல் எளிதில் வசப்பட்டது. கோழி மட்டும் வேறு கதை. உயர்சாதி இந்து வீடுகளில் அது விலக்கப்பட்ட இறைச்சி. அதை உண்ண விரும்பியவர்கள் 'ராம்பாக்கி' என்றார்கள், இராமனின் பறவை! பெயரை மாற்றினால் பாவம் குறையும் என்ற நம்பிக்கை மொழியியலாளருக்குப் பெருவிருந்து. கட்லட் வடிவில் கோழி தன் உருவத்தையே இழந்துவிடுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'சாப்' என்றால் எலும்போடு வெட்டிய இறைச்சித் துண்டு. வங்கத்தில் அது பொரித்த உருண்டை. வாழைப்பூவில்கூடச் 'சாப்' உண்டு. 'கொபிராஜி' என்பது 'கவரேஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இறைச்சியை மூடிய முட்டைப் போர்வையைக் குறித்ததாம். ஒலியளவில் இது பொருந்தவே செய்கிறது. வங்க மொழியில் வகர ஒலி இல்லாததால் அது பகரமாகும். பிறகு அயற்சொல் பழகிய சொல்லின் அருகே சென்று ஒட்டிக்கொள்ளும். 'கொபிராஜ்' என்றால் வங்கத்தில் ஆயுர்வேத மருத்துவர். மருத்துவரின் பெயரால் மருந்துக்கு நேரெதிரான ஒரு பண்டம் ஊரெங்கும் விற்கிறது. தாகூருக்குப் பிடித்ததால் 'கொபி', அதாவது கவி, என்ற பெயர் வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வங்கத்தில் எதைத் தோண்டினாலும் தாகூர் கிடைப்பார்.

என்னை அதிகம் நிறுத்திவைத்த சொல் 'கேபின்'. தில்குஷா கேபின், பசந்த கேபின், அனாதி கேபின் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்கத்தா உணவகங்கள் பலவற்றின் பெயரிலேயே அது இருக்கிறது. திரைச்சீலை தொங்கும் சிறு தடுப்பறைகளைக் குறித்த சொல் கடைக்கே பெயராயிற்று. குடும்பத்துப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் உண்ண அந்தத் திரை உதவியது. நம்மூர் உணவகங்களின் 'ஃபேமிலி ரூம்' இதன் உறவினரே. அரங்கிலும் இதே ஏற்பாடுதான். கௌரவமான வீட்டுப் பெண்கள் மேல்மாடத்தில் மறைப்புக்குப் பின்னால் அமர்ந்து நாடகம் பார்த்தார்கள். ஒரே மாலையில் ஒரு பெண் ஒரு திரைக்குப் பின்னிருந்து உண்டு, இன்னொரு திரைக்குப் பின்னிருந்து நாடகம் பார்த்திருக்கலாம்.

மறைப்பில்லாமல் நின்ற பெண்கள் மேடையில் இருந்தார்கள். 1873-இல் பெங்கால் தியேட்டர் பெண் வேடங்களுக்குப் பெண்களையே அமர்த்தியது. அவர்கள் பரத்தையர் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். இதை ஏற்காத வித்யாசாகர் அந்த அரங்கின் குழுவிலிருந்தே விலகினார். விதவை மறுமணத்துக்காகப் போராடிய மனிதர் அவர். இந்த இடத்தில் அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே மேடைக்கு வந்த சிறுமி பினோதினி தாசி பின்னாளில் அக்காலத்தின் தலைசிறந்த நடிகையானார். 1883-இல் பீடன் தெருவில் புதிய அரங்கம் எழப் பணம் தந்த இளம் செல்வர் குர்முக் ராய், அதற்கு விலையாகப் பினோதினியைக் கேட்டார். சக நடிகர்களின் வற்புறுத்தலால் அவர் இசைந்தார். அரங்கத்துக்குத் தம் பெயரின் முதலெழுத்தைச் சூட்டுவார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பதிவானபோது அது 'ஸ்டார்'. விலைமகளின் பெயர் தாங்கிய அரங்குக்குக் கௌரவமானவர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சமே காரணம் என்பர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் பினோதினி மேடையை விட்டு நீங்கினார். 1912-இல் வெளியான தம் தன்வரலாற்றில் இந்த ஏமாற்றத்தை அவரே எழுதியிருக்கிறார்.

ஸ்டார் 1888-இல் ஹாத்திபகானுக்கு இடம் மாறியது. 1991-இல் எரிந்தது. மீண்டும் கட்டப்பட்டுப் பெரும்பாலும் திரைப்பட அரங்காக நடந்துவந்தது. 2024 டிசம்பர் இறுதியில் அதற்குப் பினோதினியின் பெயர் சூட்டப்படும் என்று மாநில முதல்வர் அறிவித்தார். பலர் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கட்டடத்தின் மேடையில் அவர் ஒருநாளும் நடித்ததில்லை. அது எழுவதற்கு முன்பே அவர் விலகிவிட்டார். அவர் நடித்த பீடன் தெரு அரங்கம் இன்று இல்லை.

அன்று மாலை நாங்கள் கடையிலிருந்து மினர்வாவுக்கு நடந்தே சென்றோம். மினர்வா இருப்பதும் பீடன் தெருவில்தான். பழைய ஸ்டார் எந்த இடத்தில் நின்றது என்று நண்பரிடம் கேட்டேன். கைக்குட்டையால் விரல்களின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, வாகனங்கள் பாய்ந்துகொண்டிருந்த சாலைப் பக்கம் கையைக் காட்டினார். அதற்குள் முதல் மணி அடித்துவிட்டது.