நிலா உதித்தது, அபாய மணி அடித்தது



கிரீன்லாந்து பெயர் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. அந்தப் பனிக்காட்டில் அமெரிக்க ராணுவத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். பள்ளியில் 'பனிப்போர்' என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடும் பாடத்தில் இது வராது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுத்து, மாஸ்கோவுக்கும் சிகாகோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் கிரீன்லாந்து மேல் போகும். சுவரில் மாட்டும் தட்டையான படத்தில் இது தெரியாது. சோவியத் ஏவுகணை வந்தால் வடதுருவப் பக்கமாகத்தான் வரும். அதனால்தான் அங்கே காவல்.

கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் டூலே என்ற இடத்தில் 1951-ல் அமெரிக்கா விமானத்தளம் கட்டியது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 1,200 கிலோமீட்டர். குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே உதிக்காது. சரக்குக் கப்பல் கோடையில் மட்டும்தான் வரும். கட்டடத்தின் சூட்டில் கீழே உறைந்த மண் இளகிவிடாமல் இருக்க, வீடுகளைத் தரையில் படாமல் தூக்கிக் கட்டினார்கள். புயல் வந்தால் ஒருவரும் வெளியே வரக்கூடாது. வழியில் மாட்டிக்கொண்டவர்கள் ஒதுங்கச் சாலையோரம் புகலிடங்கள் உண்டு.

அங்கே 1960-ல் ஏவுகணைகளைக் கண்டறியும் ராடார் வந்தது. ஒவ்வொரு ஆன்டெனாவும் 400 அடி நீளம், 165 அடி உயரம். பார்வை சுமார் 4,800 கிலோமீட்டர்.

அக்டோபர் 5 அன்று அந்த ராடார் பெரும் ஏவுகணைத் தாக்குதல் வருவதாக எச்சரித்தது. கொலராடோவில் இருந்த வான்காப்புத் தலைமையகம் பரபரத்தது. துணைத் தளபதி ராய் ஸ்லெமன், கனடா நாட்டுக்காரர், சோவியத் தலைவர் குருசேவ் இப்போது எங்கே என்று விசாரித்தார். ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருக்கிறார் என்று பதில் வந்தது. தன் தலைவர் இருக்கும் ஊர்மேலேயே குண்டு போடுவார்களா? அவசரப்படாமல் சரிபார்த்தார்கள்.

வந்தது ஏவுகணை அல்ல, நிலா! நார்வே பக்கம் அடிவானத்தில் உதித்துக்கொண்டிருந்தது. 3,84,000 கிலோமீட்டர் தூரம் போய், நிலாவில் பட்டு, இரண்டரை வினாடியில் அலை திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து எதிரொலி வரும் என்று கணினிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் ஏதோ வருவதாக அது கணக்குப் போட்டுவிட்டது. அன்று பொத்தானை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த இனுக்விட் மக்கள், 27 குடும்பங்கள், 1953-ல் இந்தத் தளத்துக்காக வெளியேற்றப்பட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே கானாக் என்ற இடத்துக்குப் போனார்கள். வீடு தயாராகும்வரை கூடாரத்தில்தான் வாசம். 1999-ல்தான் டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 46 வருடம்!

2023-ல் தளத்துக்கு பிட்டுஃபிக் என்ற அந்த மக்களின் பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள். பெயர் திரும்பியது, நிலம் திரும்பவில்லை.

பிள்ளைகளே, கருவி எதைக் காட்டினாலும் "இது நடக்கக்கூடியதா?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இதை உருண்டையையும் நூலையும் வைத்தே சொல்லிக் கொடுங்கள்.